கவிழ்ந்த கப்பலும் கைமாறிய காசும்

நான்காவது மாடிக்கு ஏறி வருவதற்குள் சில்லறைக்கு மூச்சு வாங்கிவிட்டது. லிஃப்ட் இல்லாமல் இல்லை. இரும்பு மடக்குக் கதவு வைத்த பழைய லிஃப்ட் கீழே சும்மாதான் நின்றிருந்தது. ஆனால் வாசலுக்கு வந்து அழைத்துப்போன பெரியவர், “நான் லிஃப்ட்ல ஏறறதில்ல” என்று சொல்லிவிட்டுப் படியில் நடந்தார். மரியாதைக்காக மேடமும் பின்னால் நடந்தார். சம்பளம் வாங்குகிறவன் மட்டும் எப்படி லிஃப்டில் போவது?

“ஏன் சார், லிஃப்ட் ரிப்பேரா?” என்று மூன்றாவது மாடியில் கேட்டான்.

“நல்லாத்தான் ஓடுது. ஹோட்டல்ல முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினவன் நான். இப்ப உள்ள போய் நின்னா சம்பளம் கேக்கத் தோணுது.”

இவரோடு நமக்கு ஒத்துப்போகும் என்று சில்லறை அப்போதே முடிவு செய்துவிட்டான். சில்லறை என்பது அவன் பெயர் இல்லை. பஸ் கண்டக்டராக இருந்த இருபத்திரண்டு வருடமும் ஒரு நாளைக்கு நூறு தடவை ‘சில்லறை இல்லை’ என்று சொன்னவன். வேலையை விட்ட பிறகும் பட்டம் விடவில்லை. ஐம்பது வயதில் இனி விடவும் போவதில்லை. மேடம் கதையும் அதேதான். முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர், அச்சகம் மூடியதும் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதனால் எல்லோருக்கும் அவர் ப்ரூஃப் மேடம். அச்சில் ஏறாத பிழைகள்தான் உலகத்தில் அதிகம் என்று அவர் அடிக்கடி சொல்லுவார். வாடகை கட்டும் அளவுக்கு அது உண்மையாகவும் இருந்தது.

லிஃப்ட்காரர் தன் அறைக்குள் அவர்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். தலையணை உறைக்குள்ளிருந்து சாவியை எடுத்தார். அலமாரியைத் திறந்து, குழந்தையைத் தூக்குகிறவர்போல் இரண்டு கையாலும் ஓர் ஆல்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நூத்துப் பன்னெண்டு காசு. எல்லாம் வெளிநாட்டு வெள்ளி. உள்ளூர்க் காசுக்கு இதுல இடம் கிடையாது.”

“எத்தனை நாடு சார் போயிருக்கீங்க?” என்றான் சில்லறை.

“ஒண்ணும் போனதில்ல. நான் போனதெல்லாம் மேலயும் கீழயும்தான். லிஃப்ட்ல ஏறினவங்கதான் எங்கிருந்தோ வந்துட்டு எங்கயோ போனாங்க. நான் அவங்க இறங்கற மாடி வரைக்கும் கூடப் போவேன், அவ்வளவுதான்.” ஆல்பத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே பேசினார். “ஏன் வெள்ளின்னு எல்லாரும் கேப்பாங்க. நோட்டு கிழிஞ்சு போகும். தங்கம் எத்தனை வருஷம் ஆனாலும் ஒண்ணுமே நடக்காத மாதிரி பல்லிளிச்சுக்கிட்டு இருக்கும். வெள்ளி அப்படியில்ல. இருக்கற வீட்டுக் காத்தை வாங்கிக்கிட்டு மனுஷன் மாதிரி கறுக்கும். அந்தக் கறுப்பைத் தேய்ச்சு எடுக்கக் கூடாது. அதுதான் அதோட வயசு. ஒரு காசைக் கையில வெச்சா, என்னைக்குமே பாக்கப் போகாத ஊர்ல யாரோ ஒருத்தர் அதைக் குடுத்து ரொட்டி வாங்கியிருப்பார்னு தோணும். ஊருக்குப் போய் வந்த மாதிரி இருக்கும்.”

மேடம் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை மட்டும் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்ன காணோம்?”

லிஃப்ட்காரர் ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தாள். அதில் எட்டுப் பைகள், ஏழு காசுகள். ஏழும் ஒரே நாட்டுக் காசு, வருடம் மட்டும் வேறு. எல்லாவற்றிலும் கதிர்க்கட்டு ஏந்திய ஒரு பெண் நிமிர்ந்து நின்றாள். முதல் காசுக்குப் பக்கத்துப் பை காலியாக இருந்தது.

“அங்கதானே போச்சு?” என்று சில்லறை காலிப் பையைக் காட்டினான்.

“இல்ல. அது எப்பவும் காலிதான். மத்ததெல்லாம் நான் தேடிப்போய் வாங்கினது. முதல் காசு மட்டும் டிப்ஸா வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒருத்தர் பெட்டியோட இறங்கும்போது என் கையில வெச்சு, விரலை மடக்கிட்டுப் போனார். அது மாதிரி கைக்கு வந்த காசு இன்னொண்ணு வந்தாத்தான் பக்கத்துல வைக்கணும்னு இருந்தேன். வரல.” முதல் காசின் மேல் விரலை வைத்தார். “இப்ப அந்த முதல் காசைத்தான் யாரோ மாத்திட்டாங்க. அதே வருஷம், அதே கறுப்பு. ஆனா இது என் காசு இல்ல.”

“எப்படித் தெரியும்?”

அவர் அந்தத் தாளைப் புத்தகம் புரட்டுவதுபோல் புரட்டினார். காசுகளின் பின்பக்கம் தெரிந்தது. ஏழிலும் ஒரு பாய்மரக் கப்பல். ஏழு கப்பலும் தலைகீழாகத் தொங்கின.

“அந்த நாட்டுக் காசு அப்படித்தான். முன்பக்கம் நேரா இருந்தா பின்பக்கம் கவுந்துடும். ஆனா என் முதல் காசு மட்டும் கவுறாது. தாளைப் புரட்டினா ஆறு கப்பல் கவுந்து கிடக்கும், என் கப்பல் மட்டும் மிதக்கும். முப்பத்தெட்டு வருஷமா மிதந்துச்சு. நேத்துப் புரட்டினேன், கவுந்துடுச்சு.”

“தலைகீழ் எழுத்து மாதிரி” என்று மேடம் தனக்குள் சொல்லிக்கொண்டார். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் தலைகீழாய் விழுந்த எழுத்துகளைப் பிடித்துப் பிடித்தே கண் தேய்ந்தவர் அவர்.

“மிதக்கிற கப்பல் விஷயம் யார் யாருக்குத் தெரியும்?”

லிஃப்ட்காரர் சாத்திய கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் சொன்னதில்ல. என் மகனுக்கு இதுல நாட்டமில்ல. மருமக வந்து மூணு மாசம் ஆச்சு. அவ கேட்டா. போன மாசம் அவளுக்கு மட்டும் காட்டினேன்.” கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். “மகன் வெளியூர்லேர்ந்து அஞ்சு மணிக்கு வர்றான். அதுக்குள்ள காசு கிடைக்கலைன்னா அவன்கிட்ட சொல்லித்தான் ஆகணும். ஆனா ப்ரூஃப் இல்லாம ஒரு பொண்ணு மேல பழி போடக் கூடாதில்லையா? அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

“ப்ரூஃப் பாக்கறதுதான் எங்க தொழிலே” என்றார் மேடம். “சில்லறை, அந்தக் காசை வாங்கிப் பாரு.”

சில்லறை காசைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சுண்டினான். அது மேலே போய்ச் சுழன்று மேஜையில் விழுந்து ‘டிங்’ என்று நெடுநேரம் பாடியது. லிஃப்ட்காரர் முகத்தைச் சுளித்தார்.

“தட்டிப் பாக்கறது எனக்குப் பிடிக்காது. குடுத்தவரைச் சந்தேகப்படற மாதிரி. என் காசை ஒரு நாளும் தட்டினதில்ல. இது போலி, இதை என்ன வேணா பண்ணுங்க.”

“மேடம்” என்றான் சில்லறை. “இது போலின்னா நான் இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸை ஓட்டினேன்னு அர்த்தம். டிக்கெட்தான் கிழிச்சேன். இது சுத்த வெள்ளி.”

“வெள்ளியா இருக்கலாம்” என்றார் லிஃப்ட்காரர். “என் காசு இல்ல.”

வெள்ளியை எடுத்துக்கொண்டு வெள்ளியையே வைத்துவிட்டுப் போன திருடன். இத்தனை வருட பஸ் வாழ்க்கையில் எத்தனையோ பிக்பாக்கெட்காரர்களைப் பார்த்திருந்தாலும், மீதிச் சில்லறை கொடுத்த ஒருவனையும் சில்லறை பார்த்ததில்லை.

மருமகள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணி அலமாரிக்குப் போகவில்லை, பெட்டிக்குள் போனது. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. எதையும் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“நீங்க யாருன்னு தெரியும். மாமா போன்ல பேசினது கேட்டுச்சு. இந்த வீட்டுச் சுவர் அவ்வளவு கனமில்ல.”

“பெட்டி எதுக்கும்மா?” என்றார் மேடம்.

“அவர் அஞ்சு மணிக்கு வருவார். அப்பாவா பொண்டாட்டியான்னு அவரை நடுவுல நிக்க வைக்க எனக்கு இஷ்டமில்ல. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்.” ஒரு சட்டையை மடித்தாள், பிடிக்காமல் மறுபடி பிரித்து மடித்தாள். “மாமா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கேக்கல. அலமாரிச் சாவியை மட்டும் இடம் மாத்தி வெச்சார். எப்பவும் கதவு ஆணியில தொங்கும். நேத்துலேர்ந்து காணோம். எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

அந்த நேரம் பார்த்துக் கட்டிலில் கிடந்த அவள் போன் அடித்தது. யாரோ கடன் அட்டை விற்கிறவர்கள். அவள் அழைப்பை வெட்டியதும் திரையில் ஒரு படம் வந்து நின்றது. சில்லறை எட்டிப் பார்த்தான்.

தெளிவான பிளாஸ்டிக் தாள், ஏழு காசு. ஆறு கப்பல் கவிழ்ந்திருந்தன. ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது.

“மேடம், இங்க பாருங்க. மிதக்குது.”

மருமகள் போனைத் திருப்பிக் காட்டினாள். “அன்னிக்குக் காட்டும்போது எடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்தப்புறம் மாமா முதல் முதலா என்கிட்ட அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல பேசினது அந்தக் கப்பலைப் பத்தித்தான். அதனால அதையே வெச்சுக்கிட்டேன்.”

மேடம் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து, பிழை தேடுகிறவர் வழக்கப்படி வலமிருந்து இடமாக ஒரு தடவை பார்த்தார். “ஆல்பத்தை இந்த வாரம் வேற யாராவது தொட்டாங்களா?”

“மாமாவோட சிநேகிதர், பழைய காசு விக்கிற காசுக்கடை மாமா செவ்வாய்க்கிழமை வந்தார். ஞாயித்துக்கிழமை காசுக் கண்காட்சி இருக்கு. மாமாவோட முதல் பக்கத்தைப் போட்டியில வைக்கணும்னு ரெண்டு பேரும் உக்காந்து விண்ணப்பம் எழுதினாங்க. நடுவுல எங்க மாமா மட்டும் இந்த அறைக்கு வந்து மூக்குக் கண்ணாடியைத் தேடினார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“போதும்மா. நாங்க வர்றவரைக்கும் போயிடாதீங்க.”

“அஞ்சு மணிக்கு முன்னாடி கீழ இறங்கிடுவேன்” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் சில்லறைக்குப் பயமாக இருந்தது.

காசுக்கடை இரண்டு தெரு தள்ளி, ஒரு பூட்டுக் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. போகும் வழியில் மேடம் வேகமாக நடந்தார்.

“சில்லறை, மருமகதான் எடுத்தான்னு வெச்சுக்க. மாட்டிக்காம இருக்க வேற காசு வைப்பா. எந்த மாதிரிக் காசு வைப்பா?”

“மிதக்கிற காசு.”

“அது கிடைக்கலைன்னா?”

“எடுக்கவே மாட்டா. கவுந்த கப்பலை வெச்சா கிழவர் புரட்டின உடனே கண்டுபிடிச்சுடுவார்னு அவளுக்கு நல்லாத் தெரியுமே.” சில்லறை நடுத்தெருவில் நின்றுவிட்டான். “அட, ரகசியம் தெரிஞ்ச ஒரே ஆள் அவதான்னு கிழவர் சந்தேகப்படறார். ரகசியம் தெரிஞ்சதாலேயே அவ செஞ்சிருக்க முடியாது.”

“வண்டி வருது, ஓரமா வா” என்றார் மேடம்.

காசுக்கடைக்காரர் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உருப்பெருக்கியால் ஒரு காசைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரரின் வயதுதான். அவரைவிடக் கொஞ்சம் பருமன், அவரைவிட நிறையக் கவலை. மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார்.

“உங்க சிநேகிதர் காசு களவு போயிருக்கு.”

“களவா?” அவர் முகம் வெளுத்துப்போனது. “எந்தக் காசு?”

“மருமகளைச் சந்தேகப்படறார். அந்தப் பொண்ணு பெட்டி கட்டிட்டா. அஞ்சு மணிக்கு அந்தக் குடும்பம் உடையப் போகுது” என்றார் மேடம், பஞ்சாங்கம் வாசிப்பதுபோல. “இதுல ஒரு விசேஷம் என்னன்னா, திருடன் நல்ல வெள்ளியை வெச்சுட்டுப் போயிருக்கான். தன்னோட நல்ல காசைக் குடுத்து ஒருத்தன் எதை எடுத்துட்டுப் போவான்?”

கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னக் காகித உறையை எடுத்து மேடத்தின் முன் வைத்தார். சில்லறை அதிலிருந்த காசை எடுத்துச் சுண்டினான். கண்ணாடியில் விழுந்து ‘டொக்’ என்றது.

கடைக்காரர் இழுப்பறையை மூடினார்.

“எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்” என்றார் கடைக்காரர். “முதல் தடவை இங்க கொண்டுவந்து காட்டினப்ப என் கை தவறி விழுந்துச்சு. அவர் அப்ப வாசல்ல குடை மடக்கிக்கிட்டு இருந்தார். சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு. ஆனா அவர் முகத்தைப் பாத்தேன், சொல்ல மனசு வரல. அபூர்வமான காசுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அதை நான் நேராப் பாத்ததே இல்ல. பாத்தா வாய் தவறி உளறிடுவேனோன்னு பயம்.”

“இப்ப கண்காட்சி.”

“நடுவர் மூணு பேர். முதல் வேலையே தட்டிப் பாக்கறதுதான். அத்தனை பேர் முன்னாடி ‘டொக்’னு ஒரு சத்தம் வந்தா அவர் தாங்குவாரா? அதே வருஷம், அதே கறுப்புல என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. அவர் கண்ணாடி தேடிப் போனப்ப மாத்தி வெச்சேன். அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். நான் செஞ்சது திருட்டுன்னா எனக்கு நஷ்டம்தான் அதுல.”

“அந்தப் போலியில கப்பல் நேரா நிக்கும்” என்றார் மேடம். “போலி அடிச்சவனுக்கு அந்த நாட்டு வழக்கம் தெரியல. ரெண்டு பக்கத்தையும் நேரா அடிச்சுட்டான். உங்க சிநேகிதர் முப்பத்தெட்டு வருஷமா அந்தப் பிழையைத்தான் ஆசையாப் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். நீங்க அதைத் திருத்திட்டீங்க.”

கடைக்காரர் முதல் தடவையாக அந்தக் காசைப் பக்கவாட்டில் திருப்பினார். கப்பல் நிமிர்ந்து நின்றது. “அடப்பாவி” என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

நான்கே முக்காலுக்கு மூவரும் கட்டிடத்துக்குள் நுழைந்தபோது, தபால் பெட்டிகளுக்குக் கீழே இருந்த சிமெண்டு பெஞ்சில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். பெட்டி மடியில் இருந்தது. மேடம் அவளிடம், “பத்து நிமிஷம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

விஷயத்தைச் சொல்ல அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லிஃப்ட்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு இரண்டு காசையும் வாங்கினார். வாழ்க்கையில் ஒரு காசையும் தட்டிப் பார்க்காதவர், ஒவ்வொன்றாக மேஜையில் போட்டார். டிங். டொக். இரண்டாவது சத்தத்தில் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. காசுக்கடைக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“குடுத்தவர் என்னை ஏமாத்தினாரா, இல்ல அவரையே யாராவது ஏமாத்தியிருந்தாங்களா?”

“தெரியாது” என்றார் மேடம். “இனிமே தெரியவும் வழியில்ல.”

“அப்ப நல்லவிதமாவே நெனச்சுக்கறேன்.”

“நெனச்சுக்கங்க. அதே சலுகையை மருமகளுக்கும் குடுத்திருக்கலாம். அவ போன்ல இன்னும் உங்க கப்பல்தான் மிதக்குது.”

பெரியவர் கண்ணில் நீர் நின்றது, அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. பிறகு நல்ல காசை நண்பரின் கையில் வைத்து விரலை மடக்கினார். போலியைப் பழைய இடத்தில் செருகினார். “போட்டிச் சீட்டுல போலின்னே எழுதிடுய்யா. மிதக்கும் போலின்னு எழுது” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

படிக்கட்டைத் தாண்டி லிஃப்டுக்குப் போனார். லிஃப்ட் மேலே வந்ததும் மடக்குக் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றார். சில்லறையும் ஓடிப்போய்க் கூட ஏறிக்கொண்டான். இந்த வாய்ப்பை விட்டால் இறங்கும்போதும் படிதான். பெரியவரின் முதுகு தானாக நிமிர்ந்தது. பொத்தானைப் பார்க்காமலே அழுத்தினார்.

கீழே கதவைத் திறந்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

“மேல போகுது” என்றார்.

மருமகள் தலை நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“தப்பா நெனச்சுட்டேம்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நெனச்சேன். அது அதைவிடப் பெரிய தப்பு. காசு கிடைச்சுடுச்சு. கிடைக்காமலே இருந்திருந்தாலும் நான் இப்படித்தான் இறங்கி வந்திருக்கணும்.” மடக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும், “மேல போகுது” என்றார்.

அவள் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தாள். “எத்தனை மாடி வரைக்கும் போகும் மாமா?”

“நாலு. அதுக்கு மேல மொட்டை மாடி. அங்க பூட்டியிருக்கு.”

பெட்டியை அவரிடம் நீட்டிவிட்டு அவள் ஏறினாள். மேலே லிஃப்ட் நின்றதும் பெரியவர் கதவைத் திறந்து பெட்டியை வெளியே வைத்தார். அவள் இறங்கி, கைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினாள்.

“டிப்ஸ்” என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

பெரியவர் காசைப் பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் ஆல்பத்தைத் திறந்தார். முதல் காசுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பையில் அதைச் செருகினார். பின்னாலேயே வந்த சில்லறைக்குப் பொறுக்கவில்லை.

“சார், அது வெளிநாடும் இல்ல, வெள்ளியும் இல்ல.”

“பக்கத்துல இருக்கறது மட்டும் என்னவாம்?” என்றார் பெரியவர். ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தார். சாவியைக் கொண்டுபோய்க் கதவு ஆணியில் மாட்டினார்.